நான் சுத்தம் செய்த யானைப் புத்தகம்

என் முப்பது வருட நூலக வேலையில் ஒரே ஒரு முறை எனக்குச் சிறந்த சேவை விருது கிடைத்தது. அது நான் செய்த ஆகப் பெரிய முட்டாள்தனத்துக்காகக் கிடைத்தது. கொடுத்தவர்களுக்கு அது தெரியாது. இரவல் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறி வாங்கிய எனக்கும் தெரியாது. கீழே உட்கார்ந்து கைதட்டியவர்களில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் என் மேலதிகாரி. அவரும் கைதட்டினார், எண்ணி மூன்று முறை.

இதை யாரிடமும் சொல்லாமல் விருப்ப ஓய்வில் வந்து இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். போன மாதம் ஹேமா கூப்பிட்டாள். நான் இருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள்.

"அண்ணே, ஸ்கேன் பண்ற கம்பெனிக்காரங்க வந்திருக்காங்க. ஒரு பட்டன் அமுக்கினா போதுமாம். கறை, மடிப்பு, பென்சில் கிறுக்கல் எல்லாம் தானா போயிடுமாம். கடையில வாங்கின புதுப் புத்தகம் மாதிரி வருது. போட்டுறலாமாண்ணே?"

எழுதி அனுப்புகிறேன், இரண்டு நாள் பொறு என்றேன்.

"ஆமா, வேணாம், ரெண்டுல ஒன்னு சொன்னா போதும்லா."

ஒரு வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் இருந்திருந்தால் நான் நூலக வேலைக்கே போயிருக்க மாட்டேன். ஆகவே ஹேமா இதை முழுக்கப் படிக்க வேண்டியதுதான்.

மலேசியாவின் ஜொகூரில் ஒரு பல்கலைக்கழகம். அதன் நூலகத்தின் மூன்றாவது மாடியில் ஓர் அறை. அதில் சிறுவர் படப் புத்தகங்கள்: மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம். குளிரூட்டி இருபது டிகிரியில் இரவும் பகலும் ஓடும். வெளியே ஜொகூர்க் காற்று அப்பளத்தைப் பத்து நிமிடத்தில் துணியாக்கிவிடும் ஈரத்தோடு நிற்க, உள்ளே முயல்களும் கரடிகளும் சாம்பல் நிறப் பெட்டிகளில் சொகுசாகப் படுத்திருக்கும். எனக்கு ஸ்வெட்டர் அரசாங்கம் கொடுக்கவில்லை. கரடிகளுக்கு அமிலமில்லாத் தாள் சுற்றிக் கொடுத்தது.

அறைக்குச் சில விதிகள் உண்டு. பை, தண்ணீர் புட்டி, கைப்பேசி எல்லாம் வெளியே லாக்கரில் வைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். சோப்பு போட்டுக் கை கழுவி, முழுக்கத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். புத்தகத்தைக் கையில் பிடித்துப் படிக்கக் கூடாது. நாங்கள் தரும் ஸ்பஞ்சுச் சாய்வில் வைத்து, மேல் மூலையைப் பிடித்துப் பக்கம் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி இல்லை. சிறுவர் புத்தகத்தைச் சிறுவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் என் உத்தியோகம் என்று சொன்னால் என் ஊரான தங்காக்கில் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு விரிவுரையாளர் தன் ஆறு வயது மகளோடு வந்தபோது வாசலிலேயே தடுத்தேன். அந்தக் குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது.

"அங்கிள், அப்ப உள்ள யாரு படிப்பாங்க?"

"பெரிய பெரிய ஆராய்ச்சியாளருங்க."

"அவங்களுக்கு இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்க வராதா?"

அந்தக் கேள்விக்கு விதிப் புத்தகத்தில் பதில் தேடினேன். இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சுருக்கமானது. தங்காக்கில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன். பத்து வருடம் பல்கலைக்கழகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன். இன்னும் கொஞ்ச வருடம் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பவர்களை முறைத்தேன். இடையில் ஆறு வாரம் புத்தகப் பராமரிப்புப் பயிற்சி. பிறகு ஒருநாள், சிம்பாங் ரெங்கம் பக்கம் மூடப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் அலமாரி அப்படியே பதினோரு பெட்டிகளில் வந்து இறங்கியது. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடினார்கள். கட்டடத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். திறமையால் கிடைத்த பதவி என்று வெளியில் சொல்லிக்கொண்டேன்.

என் மேலதிகாரி, சிறப்புத் தொகுப்பின் தலைவர், ரொஹானி அம்மையார்; மலாயில் புவான் ரொஹானி. யாரோ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பது போலவே எப்போதும் பேசுவார். ஊழியர் அட்டையோடு சேர்த்துக் கழுத்தில் ஓர் ஒளி ஊடுருவும் அளவுகோலைத் தொங்கவிட்டிருப்பார். கல்யாண விருந்துக்கு வந்தபோதும் அது தொங்கியதை நான் பார்த்திருக்கிறேன். எவரையும் தவறு என்று சொல்ல மாட்டார். நாம் எழுதியதைப் படித்துவிட்டு, மலாயில் 'மெனாரிக்' என்பார். சுவாரசியமாக இருக்கிறது என்று பொருள். முதல் ஒரு வருடம் அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை வந்தால் முதலிலிருந்து எழுத வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது.

அவருக்கு உயிர், நிலை அறிக்கை. ஒரு புத்தகத்தைத் தொடும் முன் அது எப்படி இருக்கிறது என்று மலாயில் எழுதும் படிவம். நான் முதல் அறிக்கையில் 'சில பக்கங்களில் கிறுக்கல்கள்' என்று எழுதினேன்.

"என்சிக் மணியம், சில என்றால் எத்தனை?" என்று கேட்டார். மலாயில் என்சிக் என்றால் திரு.

எண்ணிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"எங்கே?"

பக்க எண் எழுதினேன். பக்கத்தில் எந்த இடம் என்றார். எந்தக் கருவி, எத்தனை மில்லிமீட்டர், என்ன வடிவம் என்றார். கழுத்திலிருந்து அளவுகோலைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் கழுத்தில் வேறொன்று தொங்கியது. அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகளின் மூக்குச் சளிக்கும் நான் நீளம் அகலம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பதினோரு பெட்டிகளில் ஒரு புத்தகம் யானையைப் பற்றியது. குளிக்கப் போன யானை தண்ணீரில் தன்னையே பார்த்து, வேறு யானை என்று கோபித்துக்கொண்டு குளிக்காமல் திரும்பிவிடும். பதினாறு பக்கம். தமிழ்த் தொகுப்புக்கு ஒரு கண்காட்சி வைப்பதாக முடிவானபோது இதுதான் முகப்புக்கு என்று தேர்ந்தெடுத்தேன். படங்கள் அவ்வளவு அழகு. ஆனால் யாரோ ஒரு பிள்ளை பென்சிலை எடுத்துக்கொண்டு புத்தகம் முழுக்க உலாப் போயிருந்தது. இருபத்து மூன்று இடங்களில்.

புவான் ரொஹானி அப்போது முழங்கால் அறுவை சிகிச்சைக்காக மூன்று மாத விடுப்பில் போனார். போகும்போது, தூசி மட்டும் தட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தூசி மட்டும் தட்டினால் என் திறமை எப்படித் தெரியும்? அவர் திரும்பி வரும்போது புத்தகம் பளிச்சென்று இருக்க வேண்டும், வாயடைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முறைப்படிதான் செய்தேன். அதில் குறை சொல்ல முடியாது. முதலில் நிலை அறிக்கை. பக்கம் 5, கீழ் இடது மூலை, பென்சில், நான்கு சக்கர வாகனம், 42க்கு 18 மி.மீ. பக்கம் 9, வலது ஓரம், நாற்கால் பிராணி, இனம் தெரியவில்லை, 30க்கு 38. பக்கம் 12, யானையின் முன்காலில் கைக்கடிகாரம் சேர்க்கப்பட்டுள்ளது. இப்படி இருபத்து மூன்றும். 'புகைப்படம் தேவை, தேவையில்லை' என்ற கட்டத்தில், தேவையில்லை என்பதில் ஒரு டிக். புகைப்படப் பிரிவுக்குப் படிவம் நிரப்ப வேண்டுமே என்ற சோம்பல்.

பிறகு வெள்ளை ரப்பரைத் துருவ வேண்டும். துருவலைக் குறியின் மேல் தூவி, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாக உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் அச்சு மை போய்விடும். துருவல் கறுத்ததும் மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளியே தள்ளிவிட்டு, புதுத் துருவல். ஒரு கைக்கடிகாரத்தை அழிக்க ஒரு காலைப்பொழுது ஆனது. துருவுவதற்கு வீட்டிலிருந்து கேரட் துருவியை எடுத்துப் போயிருந்தேன். ஒரு மாதம் என் மனைவி அதைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

புவான் ரொஹானி ஊன்றுகோலோடு திரும்பி வந்தார். புத்தகத்தைச் சாய்வில் வைத்து, பதினாறு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பிறகு அறிக்கையைப் படித்தார்.

"மெனாரிக்," என்றார்.

ரப்பர்களையும் கேரட் துருவியையும் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். கோப்பில் ஒரு வரி எழுதினார்: இனி எந்தப் பென்சில் குறியை அகற்றவும் என் கையெழுத்து வேண்டும். பொறாமை என்று நினைத்தேன். கண்காட்சியில் யானை கண்ணாடிப் பெட்டிக்குள் ஜொலித்தது. பெரிய இடத்து விருந்தினர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வருடக் கடைசியில் விருது. துருவி மட்டும் கடைசிவரை திரும்பி வரவில்லை. அது என் மனைவியுடையது என்று கேட்க எனக்குத் துணிவு இருக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு விண்ணப்பம் வந்தது. சாந்தி, சிம்பாங் ரெங்கம், தொழில்: பள்ளி வேன் ஓட்டுநர். பார்க்க வேண்டிய நூல்: யானை. 'ஆய்வின் நோக்கம்' என்ற இடத்தில் எங்கள் ஆராய்ச்சியாளர்கள் வழக்கமாக அரைப் பக்கம் எழுதுவார்கள். எனக்கு அதில் கடைசி வார்த்தை மட்டும் புரியும். இந்த அம்மா மூன்று வார்த்தை எழுதியிருந்தார்: என் தம்பியைப் பார்க்க.

இடம் மாறி எழுதிவிட்டார் என்று நினைத்துத் தொலைபேசியில் அழைத்தேன்.

"வணக்கம்மா, லைப்ரரியிலருந்து பேசுறேன். ஃபாரத்துல தம்பியப் பாக்கணும்னு போட்டிருக்கீங்க. தம்பி இங்க வேலை செய்றாருங்களா?"

"இல்லீங்க சார். அவன் செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆவுது."

விண்ணப்பத்தை எடுத்து அந்த மூன்று வார்த்தையை மறுபடி பார்த்தேன்.

"புத்தகத்துல இருக்கான் சார். வாட்சப்புல யானை படம் வந்துச்சு, உங்க கண்காட்சின்னு. எங்க பள்ளிக்கூட முத்திரை தெரிஞ்சுச்சு. அதுல நெறைய வரைஞ்சு வச்சிருக்கான். எட்டு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். வீட்டுல ஒரே ஒரு குடும்பப் படம், அதுலயும் தலையத் திருப்பிட்டான். வேற ஒன்னும் இல்ல சார் எங்ககிட்ட. எப்ப வரலாம்?"

தேதி கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விரலால்தான் உருட்டினேன்.

எனக்குப் பல நல்ல யோசனைகள் வந்தன. புத்தகம் சிகிச்சையில் இருக்கிறது என்று சொல்லலாம். அன்றைக்கு எனக்கே காய்ச்சல் வரலாம். கடைசியில் புவான் ரொஹானியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். 'மெனாரிக்' வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவர் வரட்டும். அறிக்கையை எடுத்து வையுங்கள்," என்றார் மலாயில்.

சாந்தி வந்தார். ஐம்பது தாண்டியவர். வேன் ஓட்டிக் கறுத்த முழங்கைகள், கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழ கோரேங். பையையும் கைப்பேசியையும் லாக்கரில் வைக்கச் சொன்னேன். கை கழுவச் சொன்னேன். பக்கத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று செய்து காட்டினேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் விதிகள்தான் வந்தன.

அவர் முதல் பக்கத்தைத் திறந்து, மூலையில் இருந்த ஒரு பழைய அழுக்குத் தேய்ப்பைப் பார்த்துச் சிரித்தார். பிறகு திருப்பினார். ஐந்தாம் பக்கத்தில் நின்றார். ஆறு, ஏழு. திரும்பவும் ஐந்து. சிரிப்பு போய்விட்டது.

"சார், இது வேற புத்தகம்."

"இல்லம்மா. அதேதான்."

"துணி தொவைச்ச மாதிரி இருக்கே."

"நான்தாம்மா அழிச்சேன்."

"ஏன் சார்?"

காகிதத்தின் ஆயுள், கிராபைட் படிவு, காட்சித் தரம் என்று இரண்டு நாளாகத் தயாரித்து வைத்திருந்தேன். "அழகா இருக்கணும்னு" என்றுதான் வாயில் வந்தது.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அப்ப வாத்தியாரு என்னத்தான் கூப்புட்டாரு சார். எனக்குப் பத்து வயசு. உன் தம்பி கிறுக்குனது, நீயே அழிச்சுக் கொண்டான்னு ரப்பரு குடுத்தாரு. இவன் பக்கத்துல நின்னு அழுவுறான். மொதப் பக்கத்துல மட்டும் எச்சி தொட்டு அழிச்சேன், பாருங்க, இதான் அது. மிச்சத்தையும் அழிச்சிட்டேன் சார்னு பொய் சொல்லிக் குடுத்துட்டேன். அவரு தொறந்தே பாக்கல." புத்தகத்தை மேலும் கீழும் பார்த்தார். "அவரு உங்ககிட்ட குடுத்திருக்கணும். சுத்தமா முடிச்சிருப்பீங்க."

அடுத்த மேசையில் புவான் ரொஹானி எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எழுந்து மெதுவாக நடந்து வந்து, என் அறிக்கையை என் கையில் கொடுத்தார்.

"படியுங்கள், என்சிக் மணியம். தமிழில்."

பிறகு ஜன்னல் திரையை இறக்கினார். விளக்குகளை அணைத்தார். பேரிடர்ப் பெட்டியிலிருந்து கைவிளக்கை எடுத்து அமுக்கினார். எரியவில்லை. பேரிடருக்காக அதை நாங்கள் மிகவும் பத்திரமாக வைத்திருந்தோம்.

"இந்த அம்மாவுடைய கைப்பேசியை லாக்கரிலிருந்து எடுத்து வாருங்கள்," என்றார்.

அவர் மீறி நான் பார்த்த ஒரே விதி அது. ஓடினேன்.

கைப்பேசியின் விளக்கைப் போட்டு, அதை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து, பக்கத்தின் விளிம்புக்கு நேராக நகர்த்தினார். வெளிச்சம் காகிதத்தின் மேல் பரவாமல், உரசிக்கொண்டு போனது. நான் படித்தேன். பக்கம் 5, கீழ் இடது மூலை, 42க்கு 18. புவான் ரொஹானி கழுத்திலிருந்த அளவுகோலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

இருந்தது. ரப்பர் பென்சிலின் கறுப்பைத்தான் எடுக்கும். எட்டு வயதுப் பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்திய பள்ளத்தை எடுக்காது. ஆறு வாரப் பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கு நான் சாப்பாட்டு இடைவேளையைக் கொஞ்சம் நீட்டியிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"நான்கு சக்கர வாகனம்," என்று படித்தேன்.

"பால் லாரி சார்," என்றார் சாந்தி, காகிதத்துக்கு வெகு அருகில் குனிந்து. "ரப்பர் பால் ஏத்துறது. அப்பா அதுலதான் போவாரு. டாங்கி பாருங்க, உருண்டையா."

"பன்னிரண்டு. யானையின் முன்காலில் கைக்கடிகாரம்."

அவர் சிரித்துவிட்டார். "ஆமா சார். குளிக்கப் போறதுக்கு மணி பாக்க வேணாமான்னு கேப்பான்."

ஒன்பதாம் பக்கத்தை விட்டுவிட்டேன் என்று புவான் ரொஹானி விரலால் காட்டினார். அவருக்கு எண்கள் போதும். திருப்பிப் படித்தேன்.

"வலது ஓரம். நாற்கால் பிராணி. இனம் தெரியவில்லை."

வெளிச்சம் அந்த இடத்துக்கு வந்தது. சாந்தி இன்னும் கிட்டக் குனிந்தார்.

"பிராணின்னா எழுதியிருக்கீங்க?"

"ஃபாரத்துல பாக்குறத அப்படியே எழுதணும்மா. நாலு காலு தெரிஞ்சுச்சு."

"அது நான் சார்."

நான் குனிந்து பார்த்தேன்.

"ரெண்டு காலு, ரெண்டு சடை. அப்ப எனக்கு முட்டிக்கும் கீழ வரும் சடை. புடிச்சு இழுத்துக்கிட்டே இருப்பான்." அவர் காகிதத்தைத் தொடாமல், அதற்கு மேலே ஓர் அங்குலத்தில் விரலை வைத்து அந்தக் கோட்டோடு கூடவே போனார். எந்த விதியும் அவருக்குச் சொல்லித் தராத கவனம்.

புவான் ரொஹானி என்ன என்று கேட்டார். மலாயில் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. பென்சிலை எடுத்து அறிக்கையில் 'பிராணி' என்பதன் மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'கக்காக்', அக்கா, என்று எழுதினார். கையெழுத்திட்டு, என்னையும் கையெழுத்திடச் சொன்னார். என் பணிக்காலத்தில் நான் கூச்சத்தோடு போட்ட ஒரே கையெழுத்து அது. மற்றதெல்லாம் கூச்சமில்லாமல் போட்டவை.

இருபத்து மூன்றையும் பார்த்து முடிக்க மதியம் ஆனது. இரண்டு இடத்தில் அவன் அழுத்தாமல் வரைந்திருக்க வேண்டும், பள்ளமும் இல்லை, என் துருவல் ரொம்ப ஒழுங்காக வேலை செய்திருந்தது. அங்கே அறிக்கையைப் படித்தேன். சாந்தி கண்ணை மூடிக் கேட்டார். போகும்போது வாழைப்பழ கோரேங்கைப் புவான் ரொஹானியிடம் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. நியாயம்தான்.

ஆகவே ஹேமா, வேண்டாம். அந்தப் பட்டனை அமுக்காதே. கம்பெனிக்காரர்கள் ரொம்ப வற்புறுத்தினால் அவர்களிடம் என் விருதைக் காட்டு. இன்னும் உன் பின்னாலிருக்கும் அலமாரியில்தான் இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்று பாக்கி. அடுத்த வாரம் புகைப்படப் பிரிவு, இந்த முறை நானே படிவம் நிரப்ப, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்பதாம் பக்கத்தைப் படம் எடுத்தது. அதைச் சாந்திக்கு அனுப்பினேன். கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம் வைத்தேன். நான்கு இரவு உட்கார்ந்து எழுதியது. இருநூறு வருடம் மஞ்சளாகாத, தடித்த, அமிலமில்லாத் தாளில் ஐந்து பக்கம். நினைவு, அழிவு, மனிதனின் அகந்தை எல்லாம் வரும். எழுதி முடித்து நானே இரண்டு இடத்தில் கண் கலங்கினேன். பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். கடிதம் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கெடைச்சது சார். படத்த குளுவாங் டவுனுக்குக் கொண்டுபோயி ஃபிரேம் போட்டாச்சு. உள்ள லூசா ஆடுது, பின்னாடி வைக்க அட்ட ஏதாச்சும் இருக்கான்னு கடைக்காரரு கேட்டாரு. உங்க லெட்டரத்தான் நாலா மடிச்சு வச்சோம். நல்ல பேப்பரு சார், இப்ப ஆடாம நிக்குது."